வண்டில் வரவேண்டிய நாள்

கூட்டுறவுச் சங்கக்கடைத் தராசுக்குப் பின்னால் நிற்கும்போது கனகசபாபதிக்குக் காது இரண்டும் கேளாது. சீனி ஏன் வரவில்லை, மண்ணெண்ணெய் ஏன் அரைப்போத்தல்தான், அடுத்த கப்பல் எப்போது என்று வரிசையில் நிற்பவர்கள் கேட்கிற எதற்கும் அவனிடம் மறுமொழி கிடையாது. நிறுப்பான், பையில் கொட்டுவான், அடுத்த ஆளைக் கூப்பிடுவான். ஆனால் யாராவது வாய்ச்சொல்லாக, "முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட மாதிரிக் கிடக்கு உங்கடை கதை" என்று பக்கத்து ஆளைப் பகிடி பண்ணிவிட்டால் போதும், அவன் கை தராசுத் தட்டில் அப்படியே நின்றுவிடும். சொன்னவர் பாவம், ஒன்றையும் நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். யார் வீட்டில் எந்தப் பிள்ளை இருக்கிறதென்று பழமொழிக்கு என்ன தெரியும்?

அவன் வீட்டில் இருந்தது மீனாம்பிகை. தகப்பனைப் பெற்றவளின் பெயர், கூப்பிடுவது மீனா. தொண்ணூறாம் ஆண்டு தெல்லிப்பழைச் சனமெல்லாம் கையில் அகப்பட்டதோடு ஓடிவந்தபோது அவளுக்குப் பதினொரு மாதம். கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்த மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. ஒரு கிழமையில் காய்ச்சல் போனது. போகும்போது இரண்டு காலையும் கூட்டிக்கொண்டு போனது. இப்போது நாலு வயது. இடுப்புக்கு மேலே ஒரு குறையும் இல்லை. வாய் மட்டும் காலுக்கும் சேர்த்து ஓடும்.

டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "இந்தக் கால் இனிப் பலப்படாது. பிள்ளை நல்ல கெட்டிக்காரி, படிப்பியுங்கோ" என்றார். கனகசபாபதி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வந்து, அன்று பின்னேரமே கிணற்றடிக்கு அப்பால் மணலில் ஒரு குழி தோண்டினான். பிள்ளையை அதற்குள் நிறுத்தி, தொடை வரைக்கும் மண்ணை அணைத்துவிட்டான். மண் காலுக்குப் பலம் கொடுக்கும் என்பது அவன் ஊர் வைத்தியம். மூன்று வருசமாக இது நடக்கிறது. குழிக்குள் நட்டுவைத்த மீனா காகத்தோடு கதைப்பாள், தகப்பனுக்குக் கட்டளை போடுவாள், காலில் எறும்பு கடித்தாலும் அவளுக்குத் தெரியாது.

போதாக்குறைக்கு ஒரு நேர்த்திக்கடனும் இருந்தது. காய்ச்சலில் பிள்ளை கிடந்தபோது ஊர்ப் பிள்ளையாரை நினைத்து, 'என்ரை பிள்ளை தன்ரை காலாலை உன்ரை வெளிவீதியை மூண்டு தரம் சுத்துவாள்' என்று வைத்த நேர்த்தி. கோயில் இப்போது ஆமிக்காரர் நிற்கிற பக்கத்தில். பூசை உண்டோ இல்லையோ, கூரை உண்டோ இல்லையோ, ஒருவருக்கும் தெரியாது. நேர்த்தி மட்டும் அவனோடு கொக்குவிலுக்கு இடம்பெயர்ந்து வந்துவிட்டது.

புரட்டாசி பிறந்தபோது மகாதேவிக்கு வயிற்றில் ஏழு மாதம். ஒருநாள் காலை, சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, இனி என்னாலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட ஏலாது."

எங்கே ஓடுவது என்று அந்த நாட்களில் யாரும் யாரையும் கேட்டதில்லை. வளவின் பின்மூலையில், வீட்டிலிருந்து ஐம்பது அடி தள்ளிப் பங்கர் இருந்தது. ஆளுயரத்துக்கு வெட்டி, மேலே பனங்குற்றியும் றெயில் பாதையில் கழற்றிய சிலிப்பர்க்கட்டையும் அடுக்கி மண் மூடியது. குண்டு போட வருகிற பொம்பர் இரைச்சல் கேட்டால் அவரவர் வளவுப் பங்கருக்குள் அவரவர். பகலில் கனகசபாபதி கடையில். அவர்கள் குடியிருந்த வளவின் சொந்தக்காரி தங்கமுத்தக்காவுக்கு அறுபது வயதும் இரண்டு முழங்கால் நோவும். ஆகவே பிள்ளையை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஓடுவது இவ்வளவு நாளும் மகாதேவி ஒருத்திதான்.

"தங்கமுத்தக்காவைக் கேட்டாலென்ன?" என்றான்.

"அவவைப் படியிலை இறக்கிறதுக்கே ரண்டு பேர் வேணும். முந்தநாள் பொம்பர் வரேக்கை பிள்ளையைத் தூக்கினன். வயிறு கல்லு மாதிரி இறுகிப் போச்சுது. முருங்கையடியிலை நிண்டு மூச்செடுத்துத்தான் போனனான். எங்களுக்கு ஒரு தள்ளுவண்டில் வேணும். சின்னனாய். பிள்ளையை இருத்திப் பங்கருக்குள்ளை அப்பிடியே உருட்டிக்கொண்டு போகக்கூடியதாய்."

கனகசபாபதி பம்பை நிலத்தில் வைத்தான். "வண்டிலிலை இருத்திப் பழக்கினால் பேந்து பிள்ளை நடக்குமே?"

மகாதேவி அவனைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பங்கர் வாயில் முன்பு ஆறு படி இருந்தது. இப்போது படிகளின் ஒரு பாதியில் மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, அடித்து இறுக்கிச் சரிவு ஆக்கியிருந்தாள். எத்தனை நாள் செய்தாளோ, ஏழு மாத வயிற்றோடு எத்தனை தாச்சி மண் சுமந்தாளோ. இவள் தன்னிடம் அனுமதி கேட்கவில்லை, செய்யப்போவதைச் சொல்லியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. மனுசனுக்குக் கோபம் வந்தது. கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைக்குப் போய்விட்டான்.

கிறகோரியின் சைக்கிள் பட்டறை தட்டாதெருப் பக்கம். கரையூர்ப் பெடியன், முப்பது வயது இருக்கும், கழுத்தில் சிலுவைச் சங்கிலி. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, ரயர் ரியூப் இல்லை என்று யாழ்ப்பாணம் முழுவதும் கையைப் பிசைந்துகொண்டிருந்த காலத்தில் அவனுக்கு மட்டும் வேலைக்குக் குறைவில்லை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பதை அவன் பட்டறையில்தான் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடப்பண்ணுவான், குடைக்கம்பியில் சைக்கிள் கம்பி செய்வான்.

கோபம் ஆறியதோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை அங்கே மூன்று பேரும் ஒரே சைக்கிளில் போனார்கள். முன்பாரில் துவாய் சுற்றி மீனா, பின்கரியரில் மகாதேவி. ஒழுங்கையில் குழி வந்த இடமெல்லாம் கனகசபாபதி இறங்கி உருட்டினான்.

கிறகோரி முதலில் கைக்குழந்தையை வளர்த்தித் தள்ளுகிற ஒரு பிராமைக் கொண்டுவந்து வைத்தான். லண்டனுக்குப் போய்விட்ட ஏதோ பெரிய வீட்டுக்காரர் விட்டுப்போனது. நாலு சில்லு, மேலே மடிகிற கூடாரம், கரும்பச்சை நிறம். பார்க்க ராசாவீட்டுச் சாமான்தான்.

மகாதேவி மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தாள். தேங்காய்த் தும்புக் கயிறு, அதில் மூன்று முடிச்சு. "இது பங்கர் வாய். இது உள்ளுக்கை மடங்கிற இடம். இது குசினி வாசல்" என்று ஒவ்வொரு முடிச்சாகக் காட்டி, கயிற்றைப் பிராமின் குறுக்கே பிடித்தாள். முதல் முடிச்சுக்கே பிராம் வெளியே நின்றது.

"உது ரோட்டிலை காத்து வாங்கப் போற ஆக்களுக்கு" என்றாள். "வேறை காட்டுங்கோ."

கிறகோரி சிரித்துக்கொண்டு அடுத்ததைக் காட்டினான். பலகைப்பெட்டியில் நாலு குட்டிச் சில்லுப் பூட்டிய வண்டில், தண்ணீர்க் குடம் ஏற்றுகிறவர்களுக்குச் செய்தது. அது கயிற்றுக்குள் அடங்கியது. மகாதேவி அதைப் பட்டறை முன்மணலில் இழுத்துப் பார்த்தாள். ஒரு சில்லு பள்ளத்தில் இறங்க, எதிர்மூலைச் சில்லு அந்தரத்தில் நின்றது. திரும்பக் கொண்டுவந்து வைத்தாள்.

"அக்கா, மூண்டு சில்லுதான் உங்களுக்குச் சரி" என்றான் கிறகோரி. "அடுப்புக்கல்லு மூண்டெண்டால் எந்த மேடு பள்ளத்திலையும் ஆடாது பாருங்கோ, அது மாதிரி. முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ரண்டு. முன்சில்லு சின்னன், சுத்தித் திரும்பும். மடக்கிலை மூக்கை விட்டுத் திருப்பினால் பின்பக்கம் தானாய் வரும். ரயருக்குக் காரின்ரை பழைய ரப்பரை வெட்டி அடிக்கிறன். காத்தும் வேண்டாம், பஞ்சரும் இல்லை. கைபிடியை மடிச்சால் உங்கடை சைக்கிள் கரியரிலை கட்டலாம்." சொல்லிக்கொண்டே கரித்துண்டால் சீமெந்துத் தரையில் கீறினான்.

மகாதேவி குந்தி இருக்க முடியாமல் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, அந்தக் கீறலைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். சரிவில் விட்டால் தானே ஓடிவிடாதா? கயிற்றுப் பிறேக் போடலாம். பிள்ளை முன்னுக்குச் சரிந்து விழாதா? இருக்கையைப் பின்னுக்குச் சரித்து, இடுப்புக்கு ஒரு பட்டி வைக்கலாம். ஒரு கையால் தள்ள ஏலுமா? ஏலும், மற்றக் கை என்னத்துக்கு? "வயித்தைப் பிடிக்க" என்றாள் மகாதேவி. கிறகோரி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கைபிடியை நடுவில் ஒற்றைக் கம்பியாக மாற்றிக் கீறினான்.

கனகசபாபதி பட்டறை வாசலில் பிள்ளையை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றான். ரோட்டில் பார்க்க ஒன்றும் இல்லை.

"அண்ணை, பிள்ளை என்ன நிறை?"

"பதின்மூண்டு கிலோ." அது அவனுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை கடைத் தராசில் இருத்திப் பார்க்கிறவன்.

"வளருற பிள்ளை. கொஞ்சம் அகலமாய் அடிச்சுவிட்டால் ஏழெட்டு வயது மட்டும் பாவிக்கலாமெல்லோ?"

கிறகோரி நல்ல மனதோடுதான் கேட்டான். ஏழெட்டு வயது என்ற சொல் கனகசபாபதியின் நெஞ்சில் போய்க் குத்தியது. ஏழு வயதிலும் வண்டிலா? எட்டு வயதிலுமா? அவன் வாயைத் திறக்க முன்னம் மகாதேவி சொல்லிவிட்டாள். "வேண்டாம். வளர்ந்தால் அப்ப வேறை செய்வம். இப்ப பங்கருக்குள்ளை போகவேணும். அது காணும்."

"காலை வைக்க ஒரு பலகை பூட்டட்டோ?"

மீனாதான் மறுமொழி சொன்னாள். "பூட்டுங்கோ மாமா. என்ரை கால் சும்மா தொங்கினால் கல்லிலை அடிபடும். எனக்கு நோகாது, ஆனால் ரத்தம் வரும்."

ஜெனரேற்றர் ஓட்டி இரும்பு ஒட்டுவேலை செய்வது கிழமைக்கு ஒருநாள்தான் என்றும், அடுத்த கிழமைக்கு அடுத்த புதன்கிழமை வண்டில் ஆயத்தம் என்றும் கிறகோரி சொன்னான். போகும்போது மகாதேவி அந்த முடிச்சுக் கயிற்றை அவனிடமே விட்டுவிட்டு வந்தாள்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் கடை பூட்டியதும் கனகசபாபதி பட்டறைக்குப் போனான். வண்டில் முன்னால் நின்றது. சொன்னதைவிட வடிவாகவே செய்திருந்தான் கிறகோரி. பின்சில்லு இரண்டும் குஞ்சுச் சைக்கிளினது. இருக்கைக்குக் கன்வஸ் துணி. கால் வைக்கிற பலகையின் ஓரத்தை அரத்தால் உரஞ்சி மழுமழுப்பாக்கியிருந்தான். அதில் இரண்டு சிறு பாதம் வைக்கிற அளவுக்கு இடம் இருந்தது. கனகசபாபதி அந்தப் பலகையைப் பார்த்தபடி கனநேரம் நின்றான். இதை வீட்டுக்குக் கொண்டுபோனால் இன்று பின்னேரம் என்ன செய்வது? பிள்ளையைக் குழியில் நிறுத்திவிட்டு, பிறகு தூக்கி இதில் இருத்துவதா? பிள்ளையார் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாரா? 'நீ என்னட்டைக் கேட்டதை நீயே நம்பேல்லை' என்று சொல்ல மாட்டாரா?

"கட்டி விடட்டோ அண்ணை?"

"இண்டைக்கு அட்டமி" என்றான் கனகசபாபதி. தன் வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று அவனுக்கே தெரியாது. "நாளைக்கு நவமி. புதுச்சாமான் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வெள்ளிக்கிழமை வாறன்."

"ஓமோம், உங்கடை ஆக்கள் உதெல்லாம் பாக்கவேணும்" என்று கிறகோரி வண்டிலை உள்ளே உருட்டிக்கொண்டு போனான்.

அட்டமி போனது திங்கட்கிழமை. நவமி செவ்வாய்க்கிழமை. அன்று நல்ல தசமி. சங்கக்கடைச் சுவரில் தொங்கிய கலண்டரில் அன்று காலை தானே பார்த்தவன் அவன். யாழ்ப்பாணத்தில் ஒருவன் எந்தக் காரியத்தையும் பின்போட வேண்டுமானால் அட்டமி நவமியைப்போல வசதியான சாட்டு வேறில்லை. அதை மறுத்துக் கதைக்கிறவன் பிறக்கவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது இரண்டே இரண்டு நாள். இரண்டு நாளைக்கு, நடக்கப்போகிற பிள்ளையின் தகப்பனாக இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தான்.

வீட்டுக்கு வந்து மகாதேவியிடமும் அதையே சொன்னான். அவள் முற்றத்தில் மா அரித்துக்கொண்டிருந்தாள். அரிதட்டை நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அட்டமியோ?"

"ஓம். நாளைக்கு நவமி."

"சரி, வெள்ளிக்கிழமையே எடுப்பம்" என்றாள். அரிதட்டு மறுபடியும் ஆடத் தொடங்கியது. அன்று பின்னேரம் கனகசபாபதி பிள்ளையை வழக்கத்தைவிட அரைமணித்தியாலம் கூடக் குழியில் நிறுத்தினான்.

வியாழக்கிழமை காலை பத்துமணியிருக்கும், பொம்பர் வந்தது. கடை வரிசை குலைந்து சனம் பங்கருக்கு ஓடியது. கனகசபாபதி தராசடியில் குப்புறப் படுத்தான். முதல் குண்டு தூரத்தில் விழுந்தது. இரண்டாவது விழுந்தபோது நிலம் அதிர்ந்து தராசுத் தட்டுகள் ஒன்றோடொன்று மோதின. "கொக்குவில் பக்கம்! றெயில் பாதையடி!" என்று யாரோ கத்தினார்கள். பொம்பர் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே அவன் எழுந்து சைக்கிளை எடுத்துவிட்டான். பின்னால் யாரோ "விசரே உனக்கு, படடாப்பா!" என்று கத்தியது கேட்டது.

அந்த இரண்டு மைலை எப்படி ஓடினான் என்று பிறகு கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. ஒழுங்கை முகப்பில் புழுதி எழும்பி நின்றது, வெடிமருந்து மணத்தது. குண்டு பாதைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காணிக்குள் விழுந்திருந்தது. வீட்டு ஓட்டில் கால்வாசி இல்லை. படலையைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

முருங்கை மரத்தடியில், வெட்டவெளியில், மகாதேவி காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். மடியில் மீனா. பிள்ளையின் தலை, முகம், சட்டை எல்லாம் மண். அவன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளையின் கையை, காலை, முதுகைத் தடவிப் பார்த்தான். ஒரு கீறலும் இல்லை. மகாதேவியைப் பார்த்தான். அவளுக்கும் காயமில்லை. ஆனால் அவள் முகம் அவன் அதுவரை காணாத முகமாக இருந்தது.

"பங்கருக்குள்ளை போகேல்லையோ? ஏன் இஞ்சை இருக்கிறீர்?"

"போனனான்" என்றாள் மகாதேவி.

"பேந்தென்ன?"

"நான் போனனான். நான் மட்டும்." அவள் குரல் தாழவும் இல்லை, உயரவும் இல்லை. "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த முருங்கையடி மட்டும் வந்தன். வயிறு இறுகிக் கால் ரண்டும் விறைச்சுப் போச்சு. மேலை பொம்பர் குத்திக்கொண்டு இறங்கிற சத்தம் கேட்டுது. கீழை வைச்சன். வைச்சிட்டு ஓடினன்."

கனகசபாபதி பிள்ளையின் தலைமயிரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டத் தொடங்கினான்.

"அம்மா ஓடினவ" என்று மீனா விளக்கமாகச் சொன்னாள். "நான் குப்புறப் படுத்துக் காதுக்குள்ளை விரலை வைச்சனான், வாயைத் திறந்து வைச்சனான். பங்கருக்குள்ளை செய்யிற மாதிரி. மண்ணெல்லாம் வந்து விழுந்தது அப்பா. நான் அழேல்லை."

அவன் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தான். அணைத்த மாதிரியே நின்றான். பிறகு அவளைத் தாயின் மடியில் இருத்திவிட்டுச் சைக்கிளை நிமிர்த்தினான்.

"எங்கை போறியள்?"

"வண்டிலை எடுத்துக்கொண்டு வாறன்."

"இண்டைக்கு நவமியெல்லோ" என்றாள் மகாதேவி.

அவன் நின்றான். சைக்கிள் கைபிடியைப் பிடித்தபடி, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான். "நவமி இல்லை. நேற்று அட்டமியும் இல்லை. நான் பொய் சொன்னனான்."

"தெரியும்."

திரும்பிப் பார்த்தான்.

"வீட்டிலை கலண்டர் கிழிக்கிறது ஆர்? திங்கட்கிழமை அட்டமியெண்டு எனக்குத் தெரியாதே?"

"பேந்து ஏன் பேசாமல் இருந்தனீர்?"

"உங்கடை முகத்தைப் பாத்தன். உங்களுக்கு ரண்டு நாள் வேணுமெண்டு விளங்கிச்சு. மூண்டு வருசமாய்க் குழி தோண்டுற மனுசன், ரண்டு நாள் கேட்டால் குடுத்தாலென்ன, ரண்டு நாளிலை என்ன வரப்போகுது எண்டு நினைச்சன்." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "நீங்கள் கேட்டியள், நான் தந்தன். அது எங்கடை நாளே? பிள்ளையின்ரை நாளெல்லோ."

தான் பொய் சொன்னதற்கு யாரையாவது குறை சொல்லலாமா என்று ஒரு கணம் தேடிப் பார்த்தது அவன் மனம். பிள்ளையாரைக்கூடக் கூப்பிட முடியவில்லை. அந்தப் பொய்யை அவர் சொல்லச் சொல்லவில்லை.

பட்டறை பூட்டியிருந்தது. தகரக் கதவில் இரண்டு கையாலும் அடித்தான். கிறகோரி பின்னாலிருந்த பங்கரிலிருந்து புழுதித் தலையோடு வந்தான். "என்ன அண்ணை, நாளைக்கெண்டு சொன்னியள்?" என்று தொடங்கியவன், கனகசபாபதியின் முகத்தைக் கண்டு கதையை விட்டான். ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டிலின் கைபிடியை மடித்து, கரியரில் தலைகீழாக வைத்துக் கட்டினார்கள். சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்கவில்லை, சந்தனப் பொட்டு வைக்கவில்லை, கற்பூரம் கொளுத்தவில்லை. ஒழுங்கையால் வரும்போது வழியெல்லாம் மூன்று சில்லும் அவன் முதுகுக்குப் பின்னால் காற்றில் சுற்றிக்கொண்டு வந்தன.

வீட்டில் மகாதேவி பிள்ளையைக் குளிக்கவார்த்துத் தலை துவட்டி வைத்திருந்தாள். தங்கமுத்தக்கா உடைந்த ஓட்டைக் கூட்டிக்கொண்டிருந்தா. வண்டிலைக் கண்டதும், "நேரம் பாத்துத்தானே இறக்கிறியள்?" என்று கேட்டா. கனகசபாபதி பிள்ளையைத் தூக்கி இருக்கையில் இருத்தினான். இடுப்புப் பட்டியைப் பூட்டினான். தானே குனிந்து அந்த இரண்டு காலையும், ஒன்றன்பின் ஒன்றாக, பலகையில் எடுத்து வைத்தான்.

"ஒருக்கால் தள்ளிப் பாரும்" என்றான் மனைவியிடம். "நான் உள்ளுக்கை நிண்டு பிடிக்கிறன்."

அவன் முன்னால் போய்ப் பங்கருக்குள் இறங்கி, மடக்குக்கு உள்ளே, இருட்டில் நின்றான். மேலே மணலில் ரப்பர் சில்லு உரசுகிற சத்தம் கேட்டது. முருங்கையடியில் ஒரு கணம் அந்தச் சத்தம் நின்றது. பிறகு வந்தது. வாயில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு வண்டில் சரிவில் இறங்கியது. மகாதேவி ஒரு கையால் வயிற்றைப் பிடித்து, ஒரு கையால் கயிற்றுப் பிறேக்கை விட்டு விட்டுப் பிடித்து வந்தாள். முன்சில்லு மடக்கில் மூக்கை விட்டுத் திரும்ப, பின்பக்கம் கிறகோரி சொன்னபடியே தானாக வந்தது. இரண்டு பக்கமும் நாலு விரல் இடம் மிச்சம் இருந்தது.

மீனா இருட்டில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சரிவைப் பார்த்தாள், மடக்கைப் பார்த்தாள், தன்னைக் கொண்டுவந்து சேர்த்த தாயின் கையைப் பார்த்தாள். கணக்குப் பண்ணி முடித்தவள்போலக் கேட்டாள்.

"அம்மா, இனி நீங்கள் என்னைக் கீழை வைச்சிட்டு ஓடத் தேவையில்லை, என்ன?"

குறை சொல்லிக் கேட்கவில்லை. தாய்க்கு இருந்த ஒரு கரைச்சல் தீர்ந்தது என்ற சந்தோசம்தான் அந்தக் குரலில் இருந்தது. அதைத்தான் இரண்டு பேராலும் தாங்க முடியவில்லை.

"ஓம் குஞ்சு" என்றாள் மகாதேவி. கனகசபாபதி இருட்டில் கையை நீட்டி, கைபிடியை இன்னும் விடாமல் இறுக்கிக்கொண்டிருந்த அவளுடைய விரல்களைத் தேடிப் பிடித்தான்.

"தேவையில்லை பிள்ளை" என்றான். "இனித் தேவையில்லை."